மார்புச் சுவர் அறுவையில் இயந்திரக் கரங்கள்

தாராவிக் குயவருக்கும் செம்பூர்க் கட்டடத் தொழிலாளிக்கும் தோள் வலிமையே முதலீடு. விலா எலும்பைப் பற்றிய புற்றுநோய்க் கட்டியை அகற்றுகையில் அம்முதலீட்டுக்கே ஊறு நேரலாம். வழக்கமான முறையில், முதுகுத் தசைகளை அறுத்தே மருத்துவர் மார்புக்குள் செல்கிறார். இயந்திரக் கரங்களோ சிறு துளைகளின் வழியே நுழைந்து, விலாவை உட்புறமிருந்து துண்டிக்கின்றன. தசை பெரும்பாலும் காக்கப்படுகிறது. அவற்றை இயக்குபவர் மருத்துவரே. கருவி தானாக எதையும் செய்வதில்லை. பெருங்கட்டிகளுக்கு இன்றும் திறந்த அறுவையே ஏற்றது.

அகற்றிய இடம் சிறிதாயின், அல்லது தோள்பட்டை எலும்பின் மறைவில் இருப்பின், அப்படியே விடலாம். ஏறத்தாழ 5 செ.மீ.க்கு மேற்பட்ட இடைவெளியைப் பொதுவாக மூடவேண்டும். இல்லையேல் மூச்சை இழுக்குந்தோறும் அப்பகுதி உள்வாங்கிச் சுவாசம் தளரும். பாலிப்ரொப்பிலீன் வலை, எலும்புச் சிமெண்ட், டைட்டானியத் தகடு ஆகியன இதற்குப் பயன்படுகின்றன. இவற்றுள் வலை எளிய பொருளே.

கடினம் செலவில்தான். எளியோர் நாடும் பரேல் டாட்டா நினைவு மருத்துவமனை 1941இல் தொடங்கப்பெற்று, 1962 முதல் அணுசக்தித் துறையின்கீழ் இயங்குகிறது. இயந்திர அறுவையும் அங்கு நடைபெறுகிறது. ஆயினும் செலவு இயந்திரத்தின் விலையோடு நிற்பதில்லை: கருவிமுனை ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட தடவைகளுக்குப்பின் மாற்றியாகவேண்டும். அச்செலவை நோயாளி விரைவில் வேலைக்குத் திரும்பி ஈட்டும் கூலியோடு சேர்த்தே கணக்கிடவேண்டும்; மருத்துவமனைக் கணக்கேடுகளில் அக்கூலிக்குப் பத்தி இல்லை.