முக்கொம்புக்கு ஒரு நாள் - சி.பி.எம். முறையில்!

"டூர் எப்படா?" என்று கேட்பது சுலபம். நடத்திக் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது, பொறுப்பை என் தலையில் கட்டியபோதுதான் தெரிந்தது. அப்போது கைகொடுத்தது, பரீட்சைக்காக மட்டுமே நாம் உருப்போடும் சி.பி.எம். பாடம்!

நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் முக்கொம்பு. திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கி.மீ. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். சர் ஆர்தர் காட்டன் காலத்து மேலணையும், அதை ஒட்டிய பூங்காவும் அங்கே உள்ளன. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பக்க மதகுகள் சில அடித்துச் செல்லப்பட்டன என்பதை சிவில் நண்பர்கள் அறிவார்கள்.

முதலில் வேலைகளைப் பட்டியல் போட்டேன்.

அ) ஹெச்.ஓ.டி. அனுமதி - 2 நாள்.
ஆ) பெற்றோர் சம்மதக் கடிதம் (அ முடிந்த பின்) - 6 நாள்.
இ) பணம் வசூல் (அ முடிந்த பின்) - 4 நாள்.
ஈ) பஸ் பேசுதல் (ஆ, இ முடிந்த பின்) - 1 நாள்.
உ) சாப்பாடு ஏற்பாடு (இ முடிந்த பின்) - 2 நாள்.

அ-ஆ-ஈ வழியில் 9 நாள். அ-இ-உ வழியில் 8 நாள். அ-இ-ஈ வழியில் 7 நாள். ஆகவே அ-ஆ-ஈ தான் கிரிட்டிகல் பாத். வசூல் ஒரு நாள் தள்ளினால் பரவாயில்லை, ஃப்ளோட் உண்டு. சம்மதக் கடிதம் ஒரு நாள் தள்ளினால் டூரே தள்ளிப்போகும். நான் வசூலை விட்டுவிட்டுக் கடிதத்துக்கே அலைந்தேன். பத்தாம் நாள் காலை பஸ் கிளம்பிவிட்டது. எனக்கு ஒரே பெருமை!

அந்தப் பெருமை மதியம் வரைதான். நண்பர்கள் நான்கு பேர் போட்டோ எடுக்க ஆற்றுக்குள் மணல் திட்டுக்குப் போய்விட்டார்கள். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பிங்களா, தண்ணி ஏறுது, வெளிய வாங்க!" என்று கத்தினார். போகும்போது கணுக்கால் அளவு இருந்த தண்ணீர், திரும்பும்போது இடுப்புக்கு வந்துவிட்டது. கையைக் கோத்துக்கொண்டு ஒருவழியாகக் கரை சேர்ந்தார்கள். மேட்டூரிலும் மாயனூர் கதவணையிலும் தண்ணீர் திறந்தால், இங்கே மழையே பெய்யாவிட்டாலும் ஆறு ஏறும். அதை நான் விசாரிக்கவே இல்லை.

என் பட்டியலில் விடுபட்ட வேலை அது: "ஆற்றில் தண்ணீர் நிலவரம் கேட்டல்". நீர்வளத்துறை ஆட்களிடமோ, பூங்காக் காவலரிடமோ கேட்டால் பத்தே நிமிடம். நேரம் குறைவான வேலை என்பதால் அது சின்ன வேலை ஆகிவிடாது. விடுபட்ட வேலையை எந்தக் கணக்கும் காட்டிக்கொடுக்காது.

அடுத்த வருஷம் டூர் பொறுப்பேற்கும் தம்பி, தங்கைகளே! பட்டியலின் முதல் வரியில் அதை எழுதுங்கள். கிளம்பும்போது எத்தனை தலையோ, திரும்பும்போதும் அத்தனை தலை. அதுதான் டூர் வெற்றி!