கடல் மூடிய நாட்கள்

சிலி என்று ஒரு நாடு இருக்கிறது. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ளது. உலகப் படத்தில் பார்த்தால் ஒரு நாடாவைப் போல நீண்டு ஒடுங்கித் தெரியும். அந்த நாட்டின் தெற்குப் பகுதியில் சிலோயே என்ற பெரிய தீவு உள்ளது. அங்கே மழை அதிகம். உருளைக்கிழங்கு நன்றாக விளையும். வீட்டுக்குப் பின்னால் வயல், வீட்டுக்கு முன்னால் கடல் என்று வாழ்பவர்கள் பலர்.

இந்தத் தீவு மக்களுக்குக் கடல் என்றால் மீன் மட்டும் அல்ல. சிப்பி உண்டு. மட்டி உண்டு. கடல் நீர் உள்வாங்கும் நேரத்தில் பெண்களும் ஆண்களும் கூடையோடு இறங்குவார்கள். மணலைக் கிளறி மட்டி எடுப்பார்கள். ஆழத்தில் கிடப்பதை எடுக்க வேண்டுமானால் படகில் போக வேண்டும். படகில் காற்று அடிக்கும் இயந்திரம் இருக்கும். அதிலிருந்து நீண்ட குழாய் வரும். அந்தக் குழாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு மூழ்கி எடுப்பார்கள். குளிர்ந்த கடல். ஆபத்தான வேலை.

விருந்து நாளில் மண்ணில் குழி தோண்டுவார்கள். கற்களைப் பழுக்கக் காய்ச்சிக் குழியில் போடுவார்கள். அதன்மேல் சிப்பி, இறைச்சி, உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு, பெரிய இலைகளால் மூடி வேக வைப்பார்கள். அந்த விருந்துக்கு குராந்தோ என்று பெயர்.

2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். தீவின் மேற்குக் கரையில் குக்காவ் என்ற ஊர். அந்த ஊர்க் கடற்கரையில் மட்டிகள் குவியல் குவியலாகச் செத்து ஒதுங்கின. கடலில் நஞ்சு பரவி இருந்தது. சிப்பியும் மட்டியும் எடுக்கக் கூடாது, விற்கக் கூடாது என்று அரசு தடை போட்டது.

நஞ்சு எங்கிருந்து வந்தது?

கடல் நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் இருக்கின்றன. ஒரு சொட்டு நீரை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். இவற்றில் பெரும்பாலானவை நல்லவை. மீனுக்கும் சிப்பிக்கும் இவைதான் தீனி. சில வகைகள் மட்டும் நஞ்சை உண்டாக்கும். வெயிலும், நீரின் சூடும், சத்தும் தோதாக அமைந்தால் இவை சில நாட்களில் கோடிக்கணக்கில் பெருகிவிடும். சில சமயம் கடல் சிவப்பாகத் தெரியும். அதனால் இதற்குச் சிவப்பு அலை என்று பெயர் வந்தது. ஆனால் நிறம் மாறாத கடலிலும் நஞ்சு இருக்கலாம். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது.

சிப்பி ஒரு சல்லடை போன்றது. நாள் முழுவதும் நீரை உறிஞ்சி, பாசியைத் தின்று, நீரை வெளியே விடும். பாசியின் நஞ்சு அதன் சதையில் சேரும். சிப்பி பெரும்பாலும் சாகாது. பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதைத் தின்ற மனிதருக்குத்தான் கேடு. முதலில் உதடும் நாக்கும் மரத்துப் போகும். பிறகு கை கால் தளரும். நஞ்சு அதிகமானால் மூச்சு நின்றுவிடும். இந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. புளி ஊற்றினாலும், எலுமிச்சை பிழிந்தாலும் போகாது.

100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராம் நஞ்சுக்கு மேல் இருந்தால் விற்கக் கூடாது என்பது பல நாடுகளின் விதி. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். அவ்வளவு சிறிய அளவே ஆபத்து.

இது ஏதோ தூர தேசத்துக் கதை அல்ல. 1981-ல் தமிழ்நாட்டில், கல்பாக்கத்துக்கு அருகே உள்ள வாயலூரில், மட்டி தின்ற 3 பேர் இறந்தனர். 1997-ல் கேரளத்தில் விழிஞ்ஞம் பகுதியில் சிப்பி தின்ற 7 பேர் இறந்தனர். அதே வகை நஞ்சுதான்.

ஆகவே தடை போட்டது சரி. அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் தடை யாருடைய உயிரைக் காத்தது? நகரத்துக் கடையில் சிப்பி வாங்கித் தின்பவருடைய உயிரையும் காத்தது. அதற்கான செலவு யார் தலையில் விழுந்தது? சிப்பி எடுப்பவர் தலையில் விழுந்தது.

100 ஆயிரம் பெசோ

சிலி நாட்டுப் பணத்துக்குப் பெசோ என்று பெயர். தடை வந்ததும் அரசு உதவித் தொகை அறிவித்தது. குடும்பத்துக்கு 1,00,000 பெசோ. கேட்பதற்குப் பெரிய தொகை போல இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டு அந்த நாட்டில் ஒரு தொழிலாளிக்குச் சட்டப்படி தர வேண்டிய குறைந்த மாதச் சம்பளமே 2,50,000 பெசோ. கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசு தர முன்வந்தது பாதி மாதக் கூலிகூட இல்லை. தடையோ எத்தனை மாதம் நீடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. சிப்பியின் உடலில் இருந்து நஞ்சு இறங்கச் சில வாரம் ஆகலாம். வகையைப் பொறுத்துப் பல மாதமும் ஆகலாம்.

மக்கள் கொதித்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் சாலைகளில் டயரையும் கட்டையையும் கொளுத்திப் போட்டு மறித்தார்கள். தீவுக்குப் போக அப்போது பாலம் கிடையாது. பெரிய படகில்தான் லாரியும் பேருந்தும் கடலைக் கடக்க வேண்டும். அந்த வழியும் அடைபட்டது. கடைகளில் சாமான் தீர்ந்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. தீவு மக்களே கஷ்டப்பட்டார்கள். ஆனாலும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும்கூட சிப்பி எடுப்பவர்கள் பக்கம் நின்றார்கள். மறியல் இரண்டு வாரத்துக்கு மேல் நடந்தது.

அமைச்சர் வந்து பேசினார். பேச்சு பல முறை முறிந்தது. கடைசியில் ஒவ்வொரு ஊராக உடன்பாடு ஆனது. முதலில் 3,00,000 பெசோ. பிறகு மூன்று தவணை, தவணைக்கு 1,50,000 பெசோ. கூட்டினால் 7,50,000. அதாவது மூன்று மாதக் குறைந்த கூலி. முதலில் சொன்ன தொகையைப்போல ஏழரை மடங்கு.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் கடலில் பெரிய நிறுவனங்கள் சால்மன் என்ற மீனைக் கூண்டு கட்டி வளர்க்கின்றன. அந்த ஆண்டு தொடக்கத்தில் வேறு ஒரு பாசி பெருகிச் சுமார் 40,000 டன் சால்மன் செத்தது. அதில் 4,000 டன்னுக்கும் மேல் அழுகிய மீனைக் கப்பலில் ஏற்றி, கரையில் இருந்து சுமார் 75 கடல் மைல் தொலைவில் கடலில் கொட்டினார்கள். அரசு அனுமதி கொடுத்திருந்தது. அடுத்த மாதமே நஞ்சுப் பாசி வந்தது. கொட்டியதால்தான் வந்தது என்றார்கள் மக்கள். அந்த ஆண்டு கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருந்ததே காரணம் என்றார்கள் விஞ்ஞானிகளில் பலர். கொட்டிய மீனும் பாசிக்கு எருவாகி இருக்கலாம் என்றார்கள் வேறு சிலர். விஞ்ஞானிகளின் வாதம் ஒரு பக்கம் இருக்க, 2018-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மீனைக் கடலில் கொட்ட அதிகாரிகள் அனுமதித்த விதம் சட்டப்படி சரியல்ல என்றது.

பெயர் இருக்கிறதா?

சிலி நாட்டில் சிறு மீனவர்களுக்கு ஒரு பதிவேடு உண்டு. படகுக்காரர், மீன் பிடிப்பவர், மூழ்கி எடுப்பவர், கரையில் பொறுக்குபவர் என்று நான்கு வகையாகப் பெயர் எழுதி வைக்கிறார்கள். உதவி கேட்டுப் போனால் அலுவலகம் முதலில் பார்ப்பது இதைத்தான். கரையில் மட்டி பொறுக்கும் பெண்ணும் அந்த ஏட்டில் தொழிலாளி என்று இடம் பெறுகிறார் என்பது நல்ல செய்தி. ஆனால் சிப்பியை உடைத்துச் சதை எடுப்பவர்? மூட்டை தூக்குபவர்? தெருவில் வைத்து விற்பவர்? கடல் மூடினால் இவர்களுக்கும் கூலி இல்லை. இவர்களுடைய இழப்பை அந்த நான்கு வகைப் பெயர்கள் காட்டாது.

பணக்கார நாட்டில் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடுகிறதா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைப் பார்ப்போம். அங்கே நண்டு பிடிக்கும் பருவம் நவம்பரில் தொடங்கும். 2015 நவம்பரில் நண்டில் பாசி நஞ்சு இருந்தது. பருவம் திறக்கவில்லை. மாநிலத்தின் நடுப்பகுதிக் கடல் 2016 மார்ச் மாதக் கடைசியில்தான் திறந்தது. இது பேரிடர் என்று மத்திய அரசு அறிவித்தது 2017 ஜனவரியில். நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது 2018 பிப்ரவரியில். கலிபோர்னியா நண்டுத் தொழிலுக்கு 2 கோடியே 58 லட்சம் டாலர் என்று பங்கு பிரித்தது 2018 ஜூனில். பெரிய தொகைதான். ஆனால் அதற்குள் இரண்டரை ஆண்டு ஓடிவிட்டது. படகுக் கடனுக்கு வட்டி காத்திருக்குமா? பிள்ளைகளின் பசி காத்திருக்குமா?

நம் நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தேதி முன்பே தெரியும். அதனால் உதவிக்கும் முன்பே திட்டம் போட முடிகிறது. 2020-ல் தொடங்கிய மத்திய திட்டத்தில் ஏழை மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால், அரசின் பங்கு 3,000 ரூபாய் சேர்ந்து 4,500 ரூபாயாகத் திரும்பக் கிடைக்கும் என்று விதி வைத்தார்கள். நஞ்சுப் பாசிக்குத் தேதி கிடையாது. அது சொல்லிவிட்டு வருவதில்லை. அதற்கான பணத்தை அது வந்த பிறகு தேடினால் சிலோயேயில் நடந்ததுதான் நடக்கும்.

பேசுவோம்

உங்கள் ஊரில் மீனவர் சங்கப் பதிவேட்டில் யார் யார் பெயர் இருக்கிறது? சிப்பி, மட்டி எடுக்கும் பெண்களின் பெயர் இருக்கிறதா? கடலில் நஞ்சு வந்து ஒரு மாதம் தொழில் நின்றால் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு ரூபாய் இழப்பு? கணக்கு எழுதிப் பாருங்கள். எடுத்ததற்கும் விற்றதற்கும் உங்கள் கையில் என்ன சீட்டு இருக்கிறது?