கர்ர் சத்தம் மூக்கிலா, நெஞ்சிலா?

ராத்திரி பூரா குழந்தை கர்ர் கர்ர்னு இருந்தா உடனே 'வீசிங்'னு முடிவு கட்டிடாதே, தங்கச்சி. முதல் சில மாசம் குழந்தைங்க பெரும்பாலும் மூக்கு வழியாத்தான் மூச்சு விடும். துளி சளி காய்ஞ்சு நின்னாலே பக்கத்து ரூம் வரைக்கும் சத்தம் கேட்கும். அதனால முதல்ல மூக்கைப் பாரு.

மெடிக்கல் ஷாப்புல 'சலைன் ட்ராப்ஸ்'னே கேளு. 'மூக்கடைப்புக்கு'ன்னு கேட்டா பெரியவங்க போடுறதை எடுத்து நீட்டிடப் போறாங்க. அட்டையில சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின்னு இருந்தா திருப்பிக் கொடுத்துடு. சலைன் வெறும் உப்புத் தண்ணிதான். பால் கொடுக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ரெண்டு பக்கமும் ஒண்ணு ரெண்டு சொட்டு விடு. ஒரு நிமிஷம் கழிச்சு, ரப்பர் பல்பை வெளியிலேயே அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மூக்கு நுனியில வச்சு மெதுவா விரலை எடு. மூக்குல வச்சுட்டு அமுக்கினா சளி இன்னும் உள்ளதான் போகும். அடிக்கடி உறிஞ்சினாலும் உள்ள வீங்கிடும். பால் குடிச்ச பிறகு பண்ணினா மொத்தமும் உன் புடவை மேலதான்.

சத்தம் அடங்கிடுச்சா, அது மூக்கு. சுத்தம் பண்ணின பிறகும் மூச்சை வெளிய விடும்போது விசில் மாதிரி கேட்டா நெஞ்சு, டாக்டர்தான் பார்க்கணும்.

சத்தத்தை விட எனக்கு எண்ணிக்கை மேலதான் நம்பிக்கை. தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, மொபைல்ல டைமர் போட்டு, முழுசா ஒரு நிமிஷம் வயிறு ஏறி இறங்குறதை எண்ணு. ரெண்டு மாசத்துக்குள்ள 60, ஒரு வயசு வரைக்கும் 50, அதுக்கு மேல 40. இதைத் தொட்டாலே அன்னிக்கே ஆஸ்பத்திரி. பால் பாதி கூடக் குடிக்கலை, டயப்பர் நனையலைன்னாலும் அப்படித்தான். விலாவுக்குக் கீழ குழி விழுந்தாலோ, முனகினாலோ, உதடு நீலம் பாஞ்சாலோ விடியட்டும்னு இருக்காதே, 108-ஐக் கூப்பிடு.

அடுத்தது உன் மாமியார். சாம்பிராணி, கொசுவத்திப் புகை ரெண்டும் வீசிங் குழந்தைக்கு ஆகவே ஆகாது. மூக்குல எண்ணெய் விட்டா நுரையீரலுக்குப் போயிடலாம். கற்பூரம் கலந்த தைலத்தால வலிப்பு கூட வரலாம். ஒரு வயசு வரைக்கும் தேன் கிடையாது. ஆனா இதை நீ சொன்னா சண்டைதான் வரும். அடுத்த தடவை டாக்டர் ரூமுக்கு அத்தையையும் கூட்டிட்டுப் போய், அவங்க முன்னாலேயே கேட்டுடு.

கடையில நீயா சளி சிரப் வாங்காதே. குளோர்பெனிரமின், ஃபீனைலெஃப்ரின் கலந்த சிரப்பை நாலு வயசுக்குள்ள கொடுக்கக் கூடாதுன்னு 2023-லயே அரசாங்கம் சொல்லியாச்சு. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது. மூணாவது நாலாவது நாள்ல கொஞ்சம் அதிகமாகி, அப்புறம் மெல்லக் குறையும். இருமல் ரெண்டு மூணு வாரம் இழுக்கும். அதுக்குள்ள 'பிரைமரி காம்ப்ளக்ஸா இருக்கும்'னு யாராவது கிளப்பிவிடுவாங்க. அது காசநோய், டெஸ்ட் எடுத்து டாக்டர் சொல்ல வேண்டிய விஷயம்.

வீசிங் திரும்பத் திரும்ப வந்து இன்ஹேலர் எழுதிக் கொடுத்தா, 'பழக்கமாயிடும்'னு பயந்து நிறுத்தாதே. மருந்து நேரா நுரையீரலுக்குப் போறதால கொஞ்சமே போதும். இன்ஹேலரை மாட்டுற பிளாஸ்டிக் குழாய்தான் ஸ்பேசர்; அதோட மாஸ்க் முகத்துல இடைவெளி இல்லாம பதியணும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணியில அலசி அப்படியே காயவிடு. துணியால தேய்ச்சா மருந்து பிளாஸ்டிக்லயே ஒட்டிக்கும்.