ஒரே துளை, வேறு வேறு ஒலி

வானொலியிலும் டேப் ரிக்கார்டரிலும் நாம் காணும் ஹெட்போன் துளையின் அளவு பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனியின் ஹெட்போனையும் அதில் செருகலாம். எவர் அனுமதியும் வேண்டாம். இதையே திறந்த முறை என்கிறோம்.

2016-இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7-இல் அத்துளையை நீக்கிவிட்டது. எஞ்சியது 'லைட்னிங்' துளை ஒன்றே. அது அந்நிறுவனத்தின் தனியுடைமை. அதற்குரிய கருவிகளை முறைப்படி செய்வோர் உரிமம் பெற வேண்டும். பழைய ஹெட்போனுக்காகப் பெட்டியிலேயே ஓர் அடாப்டர் வைத்தார்கள். ஆனால் அதை மாட்டினால் சார்ஜ் போட இடமில்லை! இது என்ன வசதியோ!

2023-இல் ஐபோன் 15 யூ.எஸ்.பி.-சி துளைக்கு மாறியது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் புதிய செல்போன்களுக்கு அத்துளை கட்டாயம்.

ஆயினும் தோழியரே, துளை ஒன்றானால் மட்டும் போதாது. செல்போனுக்குள் பாட்டு எண்களாக இருக்கிறது. செவிக்கு வேண்டியதோ அலை. சில செல்போன்கள் எண்களை உள்ளேயே அலையாக்கி யூ.எஸ்.பி.-சி வழியே அனுப்புகின்றன. வேறு சிலவற்றிலிருந்து எண்கள் மட்டுமே வெளிவரும்; அவற்றை அலையாக்கும் 'டி.ஏ.சி.' என்னும் சிப் அடாப்டருக்குள் இருந்தாக வேண்டும். அது இல்லாத மலிவான அடாப்டரை இவற்றில் செருகினால் ஒலியே வராது. இருவகை அடாப்டரும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்போல் இருப்பதால், வாங்குமுன் டி.ஏ.சி. உண்டா என்று அட்டையில் படித்துப் பார்ப்பது நலம்.