மூலம் வானத்தில் எங்கே இருக்கு?
பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்டுவோம், நாமும் பார்ப்போம்



சேமிப்பு, கடன், வட்டி, கறவை மாடு, ரேஷன் கடை என்று எத்தனையோ விஷயங்களை இந்தப் பக்கங்களில் பேசியிருக்கிறோம். வானத்தைப் பற்றிப் பேசியதில்லை. "வானத்தைப் பார்த்தா வயிறு நிறையுமா?" என்று நீங்கள் கேட்கலாம். மழை வருதா என்று பார்ப்பதைத் தவிர வேறு எதற்கும் அண்ணாந்து பார்க்காத நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஒரு கடன் மனு எங்கள் நினைப்பை மாற்றியது.

அந்தக் கடன் மனு

மயிலாடும்பாறைப் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். ஒரு அக்கா 15,000 ரூபாய் கடன் கேட்டார். காரணம் 'திருமணச் செலவு' என்று எழுதியிருந்தது. "எப்பக்கா கல்யாணம்? சொல்லவே இல்லையே!" என்று எல்லோரும் கேட்டோம். அக்கா அழுதுவிட்டார்.

மகளுக்கு மூல நட்சத்திரம். அதனால் ரெண்டு வரன் தட்டிப்போய்விட்டது. பரிகாரம் செய்தால் தோஷம் கழியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குத்தான் இந்த 15,000.

நமக்கெல்லாம் தெரிந்த சொலவடைதான். "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்." மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்தாருக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது என்று சொல்லுவாக. எல்லாம் பொண்ணுக்குத்தான். பையனுக்கு ஒன்றும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் கடனைக் கொடுக்கவும் முடிவாகவில்லை, மறுக்கவும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தோம்.

இதில் ஒரு விஷயம் உண்டு. அந்த மகள்தான் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள். 2021-ல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த பொண்ணு. பிறகும் வகுப்பை விடாமல் நடத்துகிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். அந்த வாரம் அவள் பிள்ளைகளுக்கு நட்சத்திரப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆறாவது படிக்கிற பையன் ஒருவன் கேட்டான்: "அக்கா, மூலம்னு சொல்றாகளே, அது வானத்துல எங்கே இருக்கு?"

அவளுக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. வாழ்க்கையையே முடக்குகிற ஒரு நட்சத்திரம். அதை ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை! சரி, பார்த்துவிடுவோம் என்று பிள்ளைகளோடு நாங்களும் மொட்டை மாடி ஏறினோம்.

முதல் பாடம்: கண்

அது ஆடி மாசம். காற்று அடித்தாலும் மேகம் விலகியிருந்தது. முதலில் யாரும் போனை எடுக்கக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடமாவது ஆகும். நடுவில் போன் வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

சூரியன் எந்தப் பக்கம் மறைந்தது என்று பிள்ளைகள் காட்டினார்கள். அது மேற்கு. அதை வைத்து வடக்கு, தெற்கு தெரிந்துகொண்டோம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அந்த அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. நம்ம ஊரில் துருவ நட்சத்திரம் வடக்கே தரையிலிருந்து அந்த ஒரு முஷ்டி உயரம்தான் இருக்கும். அதனால் வடக்கே மலையோ மரமோ இருந்தால் மறைத்துவிடும். டில்லியில் இருந்து பார்த்தால் மூன்று முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் நிற்கும். வடக்கே போகப் போக அது மேலே ஏறும்.

அப்போது கூட வந்த அப்பத்தா ஒருவர் சொன்னார்: "கடிகாரம் ஏது எங்களுக்கு? விடிவெள்ளியப் பார்த்துத்தான் கமலை பூட்டுவாக." பிள்ளைகள் அசந்து போனார்கள். விடிவெள்ளி நட்சத்திரம் இல்லை, வெள்ளிக் கோள் என்று அந்தப் பொண்ணு சொன்னாள். நட்சத்திரம் மினுக் மினுக் என்று சிமிட்டும். கோள் பெரும்பாலும் சிமிட்டாமல் நின்று எரியும். இதை அப்பத்தாவும் ஒத்துக்கொண்டார்.

இரண்டாம் பாடம்: போன்

பிறகுதான் போன். 'ஸ்கை மேப்' என்று ஒரு செயலி உண்டு. 2009-ல் கூகுள் வெளியிட்டது. 2012-லிருந்து அதன் நிரலை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். காசு கிடையாது. ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் வேலை செய்யும். போனை வானத்துக்கு நேராகப் பிடித்தால் அந்தப் பக்கம் இருக்கிற நட்சத்திரத்தின் பெயரைக் காட்டும்.

ஆனால் எல்லா போனிலும் திசை காட்டும் கருவி இருக்காது. விலை குறைந்த போனில் படம் திரும்பாமல் அப்படியே நிற்கும். அப்போது விரலால் நகர்த்திப் பார்க்கலாம். கருவி இருந்தும் திசை தப்பாகக் காட்டினால் போனைக் காற்றில் எட்டு போடுவது போல ரெண்டு மூன்று தடவை சுழற்றினால் சரியாகும். அதில் இரவு நேரத்துக்கான சிவப்புத் திரையும் உண்டு. அதைப் போட்டால் கண் கூசாது.

போனைத் தெற்கே திருப்பினோம். ஒரு தேள்! முன்பக்கம் மூன்று நட்சத்திரம் வரிசையாக, நடுவில் செக்கச்செவேல் என்று ஒன்று, அப்புறம் வளைந்து போகிற வால், கடைசியில் கொடுக்கு. போனைக் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தோம். அச்சு அசல் தேள்தான். முன்னால் இருக்கிறது அனுஷம். நடுவில் சிவப்பாக இருப்பது கேட்டை. வால்தான் மூலம்.

"இதுவா? இம்புட்டு அழகா இருக்கு!" என்று அந்த அக்கா சொன்னார். மகளை ஏன் ஒதுக்குகிறார்கள் என்று கேட்டு வந்தவர், வெகுநேரம் பேசாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் பாடம்: மடிக்கணினி

'ஸ்டெல்லேரியம்' என்று ஒரு மென்பொருள். பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஃபேபியன் ஷெரோ என்பவர் தொடங்கியது, 2001-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. இதன் பெரிய பலம், காலத்தைப் பின்னால் ஓட்டலாம். ஊர், தேதி, மணி கொடுத்தால் அன்றைக்கு அந்த நேரத்தில் அந்த ஊர் வானம் எப்படி இருந்தது என்று காட்டும். நம் 27 நட்சத்திர முறையையும் அதில் போட்டுப் பார்க்கலாம்.

அந்தப் பொண்ணு தான் பிறந்த தேதியைக் கொடுத்தாள். பங்குனி மாசம், விடியக்காலம் 5 மணி. திரையில் தெற்கே அதே தேள். வாலுக்குக் கொஞ்சம் தள்ளி தேய்பிறை நிலா.

"அம்மா, இதுதான் என் மூலம்" என்றாள். அவ்வளவுதான் சங்கதி. நிலா வானத்தை ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. அந்தப் பாதையை 27 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயரை முன்னோர்கள் வைத்தார்கள். நாள் கணக்கு வைக்க அருமையான ஏற்பாடு. நாம் பிறந்தபோது நிலா எந்தப் பங்கில் நின்றதோ அது நம் நட்சத்திரம்.

நிலா நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போகிறதா? இல்லை. வருசநாட்டு மலை உச்சியில் நிலா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். மலை ஏறினால் கைக்கு எட்டுமா? அது போலத்தான் இதுவும்.

கொஞ்சம் கணக்கு

நாம் கணக்கில் கெட்டிக்காரிகள். இதையும் போட்டுப் பார்ப்போம்.

நிலா 3,84,000 கிலோமீட்டர் தூரம். மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடுகிற பஸ் ராப்பகலாக ஓடினால் 267 நாள் ஆகும். ஒரு பிள்ளையைச் சுமக்கிற காலம். சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர். அதே பஸ்ஸுக்கு 285 வருசம்.

ஒளி வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். நிலாவிலிருந்து ஒளி வர ஒன்றேகால் வினாடி. சூரியனிலிருந்து எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கேட்டையிலிருந்து வர சுமார் 550 வருசம்! இன்றைக்கு நாம் பார்க்கிற கேட்டையின் வெளிச்சம், மதுரையில் திருமலை நாயக்கர் மகால் கட்டுவதற்கு நூற்றைம்பது வருசத்துக்கும் முன்னால் புறப்பட்டது. மூலத்தின் வாலில் இருக்கிற நட்சத்திரங்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லை. ஒன்று அறுபது சொச்சம் ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கிறது, வேறு சில பல நூறு ஒளி ஆண்டுக்கு அப்பால். நம் கண்ணுக்குத்தான் ஒரே வாலாகத் தெரிகிறது.

இன்னொரு கணக்கு. 27-ல் ஒரு பங்கு மூலம். இந்தியாவில் 140 கோடிப் பேர் என்றால் மூலத்தில் பிறந்தவர்கள் சுமார் 5 கோடி. அதில் பாதி பெண்கள், இரண்டரைக் கோடி. அத்தனை பேருக்கும் மாமனார் நிர்மூலம் ஆகியிருந்தால் நாட்டில் நிலைமை என்ன? இதைச் சொன்னதும் மாடியில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

எந்த மாதம் எதைப் பார்க்கலாம்?

கார்த்திகை, மார்கழி: இரவு 8 மணிக்குக் கிழக்கே கார்த்திகை. சின்னக் கொத்தாக ஆறு மீன் தெரியும். அதற்குக் கீழே செம்மஞ்சளாக ரோகிணி. இன்னும் கீழே ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரம், ஓரியன் என்கிற வேட்டைக்காரனின் இடைக்கச்சை. அவன் தோளில் சிவப்பாக இருப்பது திருவாதிரை.

மாசி, பங்குனி: வேட்டைக்காரன் தலைக்கு மேலே நிற்பான். இரவு வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் தெற்கே உயரத்தில். கிழக்கே மகம்.

சித்திரை, வைகாசி: வடக்கே ஏழு நட்சத்திரம், சப்தரிஷி மண்டலம். வாலில் நடு நட்சத்திரத்தை உற்றுப் பாருங்கள். பக்கத்தில் மங்கலாக இன்னொன்று தெரியும். அதுதான் அருந்ததி. கல்யாணத்தில் பட்டப்பகலில் காட்டுகிறார்களே, அதை உண்மையாகப் பார்க்க இதுதான் காலம்.

ஆனி, ஆடி: இரவு 9 மணிக்குத் தெற்கே தேள்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. சென்னை பிர்லா கோளரங்கத்தில் (1988-ல் தொடங்கியது) அரங்கத்துக்குள் இருட்டு உண்டாக்கி நட்சத்திரத்தைக் காட்டுகிறார்கள். நமக்கு அந்த இருட்டு இலவசமாகவே கிடைக்கிறது. நம் பக்கத்துக் கொடைக்கானலில் 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலா போகும்போது பிள்ளைகளுக்கு அதையும் காட்டச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். 2023-ல் சூரியனை ஆராய அனுப்பிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, தென்காசி மாவட்டம் செங்கோட்டைக்காரர். நம்ம பக்கத்துப் பொண்ணுதான்.

கவனம் வேண்டியவை

• மாடியில் கைப்பிடிச் சுவர் இருக்கணும். களத்துமேடு என்றால் டார்ச் அடித்துப் பூச்சி பொட்டு பார்த்துவிட்டு உட்காருங்கள்.
• போன் பெரியவர் கையில் இருக்கட்டும். பெயர் தெரிந்ததும் அணைத்துவிட்டு வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.
• சூரியனை நேராகவோ, தொலைநோக்கி, பைனாகுலர் வழியாகவோ பார்க்கவே கூடாது. கண் போய்விடும்.
• பொம்பளப் பிள்ளைகளை "இருட்டுல உனக்கென்ன வேலை" என்று விட்டுவிடாதீர்கள். கூட நாமும் போவோம்.

அப்புறம் என்ன ஆச்சு?

அடுத்த கூட்டத்தில் அந்த அக்கா கடன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "சாமி கும்பிடுறதை நான் விடமாட்டேன். ஆனா எம் பொண்ணு பிறந்ததுக்குப் பரிகாரம் செய்யமாட்டேன்" என்றார். மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. நாங்கள் நட்சத்திரம் பார்த்ததால் ஊர் ஒரே நாளில் மாறிவிடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தட்டிப்போன ரெண்டு வரனில் ஒன்று நம் உறுப்பினர் வீடுதான். மூலம் என்றதும் வேண்டாம் என்று சொன்னது நம்மில் ஒருத்திதான். அன்றைக்கு அவரும் மாடிக்கு வந்திருந்தார். "எனக்கும் யாரோ சொன்னதுதான், நானா பார்த்தேன்?" என்று மெதுவாகச் சொன்னார். சகோதரிகளே, பொண்ணைப் பெற்றவர்களும் நாம்தான், பையனைப் பெற்றவர்களும் நாம்தான். இந்தப் பயத்தை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோவதும் பெரும்பாலும் நாம்தான். நிறுத்தவும் நம்மால் முடியும்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் நட்சத்திரத்தைக் காரணம் காட்டி யாருக்காவது வரன் தட்டிப்போயிருக்கிறதா?
2. நம் பையனுக்குப் பெண் பார்க்கும்போது முதலில் என்ன கேட்கிறோம்? படிப்பா, குணமா, நட்சத்திரமா?
3. நம் ஊரில் வானம் பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் யார்? பிள்ளைகளுக்குச் சொல்லித் தர அவர்களை எப்போது அழைக்கலாம்?

இந்த மாதம் செய்ய: அமாவாசையை ஒட்டி ஒரு நாள் இரவு, தெருப் பிள்ளைகளைக் கூட்டி வானம் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நட்சத்திரத்தையாவது போன் இல்லாமல் அடையாளம் காட்டட்டும். எத்தனை பேர் பார்த்தீர்கள், என்ன கேட்டார்கள் என்று தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசுவோம்.