தெரிந்து வினையாடல்: ஒப்படைத்தபின் விடுதல்

மாணவர்களே, திருக்குறள் பொருட்பாலில் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். தகுந்த ஆளை ஆராய்ந்து தேர்வது முன்னையது. தேர்ந்தவரைத் தொழிலில் அமர்த்தி ஆளுவது பின்னையது. பலர் இரண்டையும் கலந்து எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர்.

517ஆம் குறள் வேலை, அதற்கான கருவி, ஆள் ஆகிய மூன்றையும் பொருத்திப் பார்க்கச் சொல்கிறது. பார்த்தபின் அவ்வேலையை அவனிடமே விட்டுவிடச் சொல்கிறது. ‘விடல்’ என்று முடிவதைக் கவனியுங்கள். கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று பிடித்துக்கொள்வது விடுதல் ஆகாது.

510ஆம் குறளுக்கு விளக்கம் எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் பாதியோடு நிறுத்திவிடுகின்றனர். ஆராயாமல் ஒருவனை நம்புவது தீராத துன்பம் தரும் என்பது முதற்பகுதி. ஆராய்ந்து நம்பியவனைச் சந்தேகிப்பதும் அதே துன்பத்தைத் தரும் என்பது மற்றப்பகுதி. இரண்டையும் வள்ளுவர் ஒரே தராசில் வைக்கிறார்.

இதன் உண்மையை நான் பட்டே அறிந்தேன். உயர்தரம் படிக்கையில் இல்லத் தலைவனாக இருந்தேன். விளையாட்டுப் போட்டிக்கு இல்லத்தை அலங்கரிக்கும் வேலையைப் பத்தாம் தர மாணவர் மூவரிடம் கொடுத்தேன். கெட்டிக்காரர்கள் என்று தெரிந்தே கொடுத்தேன். ஆனால் மணிக்கு நான்கு தடவை போய், “கயிற்றை இறக்கு, இந்த நிறம் வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன. இரண்டாம் நாள் ஒவ்வோர் ஆணி அடிக்கவும் என்னைக் கேட்டார்கள். மூன்றாம் நாள் ஒருவரும் வரவில்லை. வாசல் வளைவை நான் தனியே கட்டினேன். அது சரிந்தே நின்றது. அன்று அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசியது இப்போதும் மனதை உறுத்துகிறது.

இனிக் கடினமான இடம். 520ஆம் குறள், அரசன் நாள்தோறும் ஆராய வேண்டும் என்கிறது. இது 517க்கு முரண் அல்லவா? அல்ல. அங்கு ஆராயச் சொல்வது தொழில் செய்பவன் நெறி கோணாமல் இருக்கிறானா என்பதை. அவன் கை ஒவ்வொரு கணமும் என்ன செய்கிறது என்பதை அல்ல. கணக்கைப் பார்ப்பது வேறு, கையைப் பிடிப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் காட்டும் விடையைப் பரீட்சகர் விரும்புவார்.

எடுத்துக்காட்டுக்குக் கம்பராமாயணம் உதவும். சீதையைத் தேடுவதற்குச் சுக்கிரீவன் திசைகளையும் ஒரு மாதத் தவணையையும் குறித்தான். இராமன் அனுமனிடம் கணையாழியைக் கொடுத்தான். கடலைத் தாண்டுபவர் யார் என்பது மகேந்திர மலையில் வானரர் கூடிப் பேசியபோதே முடிவானது. அசோக வனத்தை அழிப்பதையும் அனுமன் தானே தீர்மானித்தான். யாரிடமும் உத்தரவு கேட்டு அவன் திரும்பவில்லை.

பயிற்சி வினா: 510, 517, 520 ஆகிய குறள்களைத் துணைக்கொண்டு, உங்கள் வகுப்புத் தலைவர் துப்புரவுப் பணியை எவ்வாறு பகிர்ந்தளித்து மேற்பார்வை செய்யலாம் என விளக்குக.