நாளும் பத்துப் பாடல்
(சிந்தாமணியை ஓராண்டில் ஓதி நிறைவு செய்யும் முறை)



திருத்தக்க தேவர் அருளிய சீவக சிந்தாமணி நம் இல்லங்கள் பலவற்றில் இருக்கிறது. ஆயின், அதனை முற்ற ஓதிய இல்லங்கள் எத்தனை என நம்மை நாமே வினவிக்கொள்ள வேண்டும். பதின்மூன்று இலம்பகங்கள், 3145 பாடல்கள் என்றவுடன் உள்ளம் தளர்கிறது. தளர்ச்சிக்குக் காரணம் நூலின் நீளமன்று. விரைந்து கடந்துவிட வேண்டும் என்னும் எண்ணமே.

நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. 1880ஆம் ஆண்டு சேலம் இராமசாமி முதலியார் தூண்டுதலால் சிந்தாமணியை ஆராயத் தொடங்கிய உ.வே. சாமிநாதையர், கும்பகோணத்தில் சமணர் இல்லம் ஒன்றிற்குச் சென்றபோது அங்கே விழாக்கோலம் கண்டார். ஆறு மாதமாக ஓதிவந்த சிந்தாமணி நிறைவுற்றமைக்கான சிறப்பு அது என்று அறிந்து வியந்ததைத் தம் வரலாற்றில் குறித்துள்ளார். கணக்கிட்டால் நாளொன்றுக்குப் பதினேழு அல்லது பதினெட்டுப் பாடல்களே. இவ்வாறு ஓதிவந்தோர் துணையும் பெற்றே அவர் 1887இல் நச்சினார்க்கினியர் உரையுடன் நூலை அச்சேற்றினார். ஓதுதல் அறாதிருந்தமையால் பொருளும் மறையாதிருந்தது.

நமக்குப் பத்துப் பாடல் போதும். 315 நாட்களில் நூல் நிறைவுறும். ஆண்டில் எஞ்சும் ஐம்பது நாட்கள் நோய்க்கும் விருந்துக்கும் பயணத்திற்கும் ஆகட்டும்.

இடையில் நிறுத்தினால் என்ன குறை? யானே இளமையில் இருமுறை தொடங்கி, பதுமையார் இலம்பகத்தோடு நின்றவள். அதனால் இந்நூலை மணநூல் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். நூலின் உயிர் இறுதியில் உள்ள முத்தி இலம்பகத்தில் இருக்கிறது என்பதை மூன்றாம் முறையே உணர்ந்தேன்.

தொடக்கத்தில் சச்சந்தன் வஞ்சகத்தால் வீழ்கிறான். மயிற்பொறியில் தப்பிய விசயை சுடுகாட்டில் சீவகனை ஈன்று பிரிகிறாள். குற்றமறியாக் குழவிக்கு இத்துயர் ஏன் என்று படிப்போர் கலங்குவர். முற்பிறவியில் அன்னப்பார்ப்பு ஒன்றைச் சுற்றத்தினின்று பிரித்த வினையின் பயனே அது என்பதை முத்தி இலம்பகமே உரைக்கிறது. அங்கேதான், மந்தியின் கைப்பழத்தைக் காவலன் பறித்தலைக் கண்ட சீவகன், கட்டியங்காரனிடமிருந்து தான் கொண்ட அரசும் அத்தகையதே எனத் தெளிந்து துறவை நாடுகிறான். இடையில் நின்றவர்க்கு வினையின் பயன் மட்டும் தெரியும். வினையும் தெரியாது, அதனின்று விடுபடும் வழியும் தெரியாது.

சுவாத்தியாயம் அகத்தவம் ஆறனுள் ஒன்று. அதன் ஐந்து கூறுகளையும் நாள்தோறும் அரைமணி நேரத்தில் பின்பற்றலாம்.

1. வாசித்தல்: அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியின் பழைய விதி. ஆதலின் முதலில் கதைச் சுருக்கத்தைக் கூறி, பின் பாடலைச் சீர்பிரித்து மெல்லப் படிக்கவும்.

2. வினாவுதல்: ஒவ்வொருவரும் ஒரு வினாவேனும் கேட்கவேண்டும். விடை தெரியாத வினாவை ஏட்டில் குறித்து, கற்றோரிடம் தெளிக.

3. சிந்தித்தல்: அன்றைய பகுதியில் யார் எவ்வினை செய்தார், அதன் விளைவு யாது என எண்ணுக.

4. பிழையின்றி ஓதுதல்: பத்தில் ஒரு பாடலை மட்டும் தேர்ந்து, ஒலி வழுவாமல் மும்முறை ஓதுக.

5. அறவுரைத்தல்: படித்ததை இல்லத்துப் பிள்ளை ஒருவர் தம் சொற்களில் எடுத்துரைக்கட்டும், பெரியோர் குறுக்கிடாமல் கேட்கட்டும்.

ஒருநாள் தவறினால் மறுநாள் இருபது ஓத முயலவேண்டா. சுமை இரட்டித்தால் ஊக்கம் குன்றும்; விட்ட இடத்திலிருந்து பத்தே தொடர்க. சிறு பிள்ளைகள் உள்ள இல்லத்தார் நாளுக்கு ஐந்து பாடல் ஓதினும் இரண்டு ஆண்டு நிறையுமுன் நூல் முடியும்.

நிறைவு நாளில் அந்தக் கும்பகோணத்து இல்லத்தார்போல் வாயிலில் கோலமிட்டு, அருகனை வழிபட்டு, சுற்றத்தாரை அழையுங்கள். எதற்கு இவ்விழா என்று வருவோர் கேட்பர். அவ்வினாவிற்கு விடைகூறும் உரிமையை உங்கள் இல்லத்தின் இளைய பிள்ளைக்கு அளியுங்கள்.